பயிலும் கைகள்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். முப்பத்தோராண்டுகள் செவிலியர் பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், பங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் தம் பெண்பிள்ளைகளை நர்சிங் படிப்பில் சேர்க்க விரும்பும் பெற்றோர் என்னிடம் யோசனை கேட்டு வருகின்றனர். கட்டணம் எவ்வளவு, விடுதிச் சாப்பாடு எப்படி, ஞாயிறு திருப்பலிக்கு அனுப்புவார்களா, படித்து முடித்தால் வளைகுடா நாட்டுக்கோ அயர்லாந்துக்கோ போக வழியுண்டா என்பவையே அவர்களுடைய கேள்விகள். எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். நிலத்தையும் நகையையும் அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்கள் அவற்றைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆயினும், "என் மகள் முதன்முதலாக நோயாளியின் கட்டிலருகே செல்வதற்கு முன் அவளுக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டு முடித்திருப்பீர்களா?" என்று கல்லூரியில் கேட்க வேண்டுமென இதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. நானாகச் சொன்னால், "அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி, அவங்க பாத்துக்குவாங்க டீச்சரம்மா" என்று சிரித்துக்கொண்டு எழுந்துவிடுகின்றனர்.

பார்த்துக்கொள்கிறார்களா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

செவிலிய மாணவி மருத்துவமனையில் ஒரு விந்தையான நிலையில் இருப்பவள். அவள் ஊழியர் அல்லள். ஊதியமும் இல்லை, சேமநல நிதியும் இல்லை. நோயாளியும் அல்லள், பார்வையாளரும் அல்லள். ஆனால் காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தால் படுக்கை விரிப்பது, உடம்பு துடைத்துவிடுவது, மலச்சட்டி எடுப்பது, காய்ச்சல் பார்ப்பது, கட்டு மாற்றிய தட்டுகளைச் சுத்தம் செய்வது, இரத்தக் குப்பிகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்வது என்று அவள் கை ஓயாது. நம் நாட்டில் பல மருத்துவமனைகள் மாணவியரின் உழைப்பில்தான் நடக்கின்றன என்பதை அங்கே ஒரு நாள் இருந்து பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். வேலை என்று வரும்போது அவள் பணியாளர். காப்பு என்று வரும்போது அவள் மாணவி. இந்த இரட்டைக் கணக்கை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

அனுபவம் மிக்க செவிலியைவிட அவளுக்கு ஆபத்து மிகுதி. கை இன்னும் பழகவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சில வாரங்களுக்கு ஒரு முறை அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். சோப்பு எங்கே இருக்கிறது, கையுறை எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தக் கட்டிலின் கால் ஆடுகிறது, எந்த நோயாளி கோபக்காரர் என்றெல்லாம் தெரிந்துகொண்டு முடிப்பதற்குள் அடுத்த இடம் வந்துவிடும். ஆண்டு முழுவதும் அவள் ஏதோவொரு வார்டில் முதல் வாரத்தில்தான் இருக்கிறாள். மேலும், மூத்தவர்கள் சொன்னதை அவளால் மறுக்க முடியாது. மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். கடற்கரைக் கிராமத்துக்காரி, இரண்டாமாண்டு. தந்தை கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். ஒரு நாள் மாலை செபமாலை முடிந்து எல்லோரும் உணவறைக்குப் போன பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். இரண்டு நாளுக்கு முன் காலையில், ஊசி போட்டு முடித்த சிரிஞ்சுக்கு மூடியைத் திரும்ப மாட்டும்போது மூடி விலகி ஊசி இடது ஆட்காட்டி விரலில் ஏறிவிட்டது. இரத்தம் வந்தது. கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கழிந்த பிறகே என்னிடம் வந்தாள். அதுவும், அந்த நோயாளியின் கண் மஞ்சளாக இருந்ததென்று தோழி சொன்னதால்.

"மேடம், அப்பாவுக்குச் சொல்லிடாதீங்க. படிப்பை நிறுத்திப்புடுவாங்க."

ஏன் உடனே சொல்லவில்லை என்று நான் அவளைக் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இரண்டு மாதங்களுக்கு முன் வேறொரு மாணவி ஊசி குத்தியதாக வந்து சொன்னபோது, கவனக்குறைவுக்கு விளக்கக் கடிதம் எழுதி வாங்கி, மறுநாள் காலைக் கூட்டத்தில் அதை எல்லோர் முன்னும் வாசித்தார்கள். அன்று அந்த வகுப்பு முழுவதும் ஒரு பாடம் கற்றுக்கொண்டது: ஊசி குத்தினால் சொல்லக் கூடாது.

மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது என்பது முதலாண்டிலேயே நாங்கள் கற்பிக்கும் விதி. அவளும் அதை அறிந்தவள்தான். பிறகு ஏன் மாட்டினாள்? மறுநாள் நான் அந்த வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஊசிகளைப் போடும் பெட்டி வார்டின் கோடியில், சிஸ்டர் மேசைக்குப் பின்னால், கதவோரத்தில் இருந்தது. ஊசி போட்ட இடமோ பதினான்கு கட்டில் தள்ளி. இடையில் உறவினர்கள், குழந்தைகள், சாப்பாட்டுத் தூக்குகள், தரையில் படுத்திருப்போர். திறந்த ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தனை பேரையும் தாண்டி நடப்பது ஆபத்து என்று அந்தப் பிள்ளை எண்ணியிருக்கிறாள். எண்ணியது சரிதான். பிறருக்குக் குத்திவிடக் கூடாதென்றே மூடினாள். அது அவளுக்குக் குத்தியது. விளக்கக் கடிதம் எழுத வேண்டியது பெட்டியை அங்கே வைத்தவர் என்பது என் கருத்து. அன்று அதைச் சொன்னேன், யாருக்கும் இனிக்கவில்லை.

அந்த நோயாளியின் இரத்தத்தைப் பரிசோதித்ததில் எய்ட்ஸ் கிருமி இல்லை. ஹெபடைடிஸ் பி இருந்தது. இந்த இடத்தில் சில எண்களைச் சொல்ல வேண்டும். தடுப்பூசி போடாத நூறு பேருக்கு ஹெபடைடிஸ் பி நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், அந்த நோயாளியின் இரத்தத்திலுள்ள கிருமியின் அளவைப் பொறுத்து, 6 முதல் 30 பேர் வரை நோய்த்தொற்றுப் பெறுவர். ஹெபடைடிஸ் சி என்றால் நூறில் ஏறத்தாழ இருவர். எய்ட்ஸ் கிருமி என்றால் ஆயிரத்தில் மூவர். மக்களின் அச்சமோ இதற்கு நேர்மாறான வரிசையில் நிற்கிறது. எய்ட்ஸ் என்றால் அலறுகிறோம்; மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி அரைக்கலாம் என்கிறோம். அந்தக் காமாலைக் கிருமி உலர்ந்த இரத்தக் கறையில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் தங்கி அதைச் சுருங்க வைக்கவும் அதில் புற்றுநோயை உண்டாக்கவும் வல்லது.

இத்தனைக்கும் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அந்தக் கிருமியைக் கண்டறிந்த பரூச் பிளம்பர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். 1997-இல் ஐதராபாத்தில் ஓர் இந்திய நிறுவனம் மலிவான விலையில் அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய பிறகு, விலை அதிகம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் 10 அலகுக்குமேல் உண்டாகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு சிலருக்கு முதல் சுற்றில் உண்டாவதில்லை. அவர்களுக்கு மறுபடியும் ஒரு சுற்று. ஆக, இது ஆறேழு மாத காலம் பிடிக்கும் காரியம். கல்லூரியில் சேர்ந்த வாரத்திலேயே தொடங்கினால்தான் மாணவி ஊசி பிடிக்கும் காலத்தில் அவள் உடம்பு ஆயத்தமாக இருக்கும். எங்கள் கடற்கரைப் பிள்ளைக்கோ ஒரே ஊசிதான் போடப்பட்டிருந்தது. இரண்டாவது, "அடுத்த நிதியாண்டில்" என்று கோப்பில் தூங்கியது.

இனி நடந்தது எனக்கு இன்றும் ஆறாத ஒன்று. இம்மாதிரி நிலையில் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் கொடுக்க வேண்டும். முதல் நாளே கொடுப்பது நல்லது. ஏழு நாள் கடந்தால் பயன் ஐயத்துக்குரியது. விலை அதிகம். நிர்வாகத்திடம் கேட்டபோது, ஊழியருக்கென்றால் மருத்துவமனை தரும், இவள் மாணவி, தந்தையை வரச் சொல்லுங்கள் என்று விடை வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கு அப்படி விடை சொன்ன இடம் அது ஒன்று மட்டுமன்று. ஆசிரியைகள் ஐவர் சேர்ந்து அன்று மாலையே பணம் திரட்டி மருந்தை வாங்கினோம். ஆறு மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தது. அந்த ஆறு மாதமும் அவள் விடுதியில் தன் தட்டையும் தம்ளரையும் தனியாகக் கழுவி வைத்துக்கொண்டாள். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது என்று பாடத்தில் படித்து, தேர்விலும் சரியாக எழுதியவள்.

ஊசி குத்தியவுடன் செய்ய வேண்டியதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நர்சிங் குடும்பங்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் நல்லது. ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, ஸ்பிரிட்டும் டிஞ்சரும் ஊற்றக் கூடாது. உடனே பொறுப்பிலிருப்பவரிடம் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் கிருமி பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அதற்கான தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்திற்குள், தவறினாலும் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாள் உட்கொள்ள வேண்டும். மௌனமாகக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இந்தக் கணக்கில் கழிகிறது. ஆதலால்தான் சொல்பவளைத் தண்டிப்பது மருத்துவ அறிவுக்கே எதிரான செயல் என்கிறேன்.

அன்றைக்கு இல்லாத சட்டங்கள் இன்று உண்டு. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கூர்மையான பொருள்களைத் துளைக்க முடியாத வெண்ணிறக் கொள்கலத்தில் இட வேண்டும் என்கின்றன. கழிவைக் கையாளும் பணியாளருக்கும் பிறருக்கும் ஹெபடைடிஸ் பி, இசிவு நோய் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போடுவதையும், பணியில் சேரும்போதும் பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் உடல்நலப் பரிசோதனை செய்வதையும் மருத்துவமனையின் கடமையாக்கியுள்ளன. 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், பணியிடத்தில் அக்கிருமியால் பாதிக்கப்படக்கூடிய அனைவருக்கும் பாதுகாப்புப் பொருள்களும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் தர வேண்டும் என்கிறது. "பணிபுரியும் அனைவரும்" என்ற சொற்களுக்குள் மாணவி அடங்குவாளா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். வார்டைத் துடைப்பவள் பணிபுரிகிறாள் என்பதே என் எளிய அறிவு.

எச்.ஐ.வி. என்றதும் நம் தமிழகத்து மாணவி ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று எல்லோரும் நம்பியிருந்த காலம். பேராசிரியை சுனீதி சாலமன் அவருடைய ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தார். நிர்மலா பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களைத் தேடிச் சென்று இரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. சேர்த்த மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, கணவர் துணையுடன் இரயிலில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனார். நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு மாணவியின் கையால் நாடு விழித்துக்கொண்டது. அந்தக் கையில் உறை இல்லை. அவருடைய துணிவைப் போற்றும்போதெல்லாம் எனக்கு அந்த உறையில்லாத கைதான் கண்முன் நிற்கிறது.

மாணவர் பாதுகாப்பு மாணவர் நலத்தோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு இன்னும் பழைய சான்று ஒன்றுண்டு. 1847-இல் வியன்னா நகரில் பிணப்பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவனின் கத்தி தவறி, யாக்கோப் கொலெட்ஷ்கா என்ற பேராசிரியரின் விரலில் பட்டது. சில நாளில் அவர் குருதி நஞ்சாகி இறந்தார். அவருடைய நண்பர் செம்மெல்வைஸ் அந்தப் பிணப்பரிசோதனைக் குறிப்பைப் படித்து, பிரசவக் காய்ச்சலில் இறக்கும் தாய்மாரின் உடலில் காணப்படும் அதே மாற்றங்கள் நண்பரின் உடலிலும் இருப்பதைக் கண்டார். பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்குச் செல்லும் மாணவரின் கைகளே தாய்மாரைக் கொல்கின்றன என்று உணர்ந்து, குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். இறப்பு விரைந்து குறைந்தது. பயிலும் கை ஒன்று தவறினால் அது ஆசிரியரையும் தொடும், நோயாளியையும் தொடும்.

காசநோயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஊசி குத்துவது தெரியும். காற்றில் வருவது தெரியாது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் செவிலிய மாணவரிடையே ஓர் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டனர். 2007-இல் தோல் பரிசோதனையில் காசநோய்த் தொற்று இல்லையென்று தெரிந்த மாணவர்களை 2008-இல் மறுபடியும் சோதித்தனர். விவரம் முழுமையாகக் கிடைத்த 181 பேரில் 14 பேருக்கு அந்த ஓராண்டில் தொற்று ஏற்பட்டிருந்தது. அதாவது, ஆண்டுக்கு நூறில் 7.8, நாட்டின் பொதுமக்களிடையே அப்போது கணக்கிடப்பட்டிருந்த சராசரியோ 1.5. தொற்று என்றால் நோய் அன்று. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருப்பர். எனினும் ஐந்து மடங்கு என்பது சிறிய வேறுபாடு அன்று. அந்த ஆய்வைச் செய்து வெளியிட்ட நேர்மையை நான் மதிக்கிறேன். தம் மாணவியர் இருமுவதைக் கணக்கெடுக்காமலே பட்டமளிப்பு விழா நடத்தும் நிறுவனங்கள் எத்தனையோ.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லீமா நகர மருத்துவமனைகளில் செய்த ஆய்வொன்று 2007-இல் வெளிவந்தது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய காலத்துக் கட்டடங்களில், சன்னல்களைத் திறந்து வைத்தாலே, இயந்திரக் காற்றோட்டம் கொண்ட நவீன அறைகளைவிடக் காசநோய்த் தொற்றின் ஆபத்து குறைவு என்று அது காட்டியது. நம் பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளின் நெடிய வராந்தாக்களும் ஆளுயரச் சன்னல்களும் என் நினைவுக்கு வந்தன. அவற்றை இடித்து, கண்ணாடி அடைத்து, ஏ.சி. பொருத்தி, "நவீனப்படுத்தப்பட்டது" என்று பளிங்குக் கல்லில் எழுதி வைத்திருக்கிறோம்.

கத்தோலிக்க வாசகரிடம் இதையெல்லாம் சொன்னால் ஓர் எதிர்வினை வருவதை அறிவேன். "செவிலியர் பணி தியாகப் பணியல்லவா? புனிதர்கள் கையுறை போட்டுக்கொண்டா பணி செய்தார்கள்?" என்பார்கள். ஒரு புனிதரையே எடுத்துக்கொள்வோம், அவரும் மாணவர். இளைஞரின் பாதுகாவலராக நாம் வணங்கும் ஞானப்பிரகாசியார் 1591-இல் உரோமையில் இறையியல் பயின்றுகொண்டிருந்தபோது கொள்ளைநோய் பரவியது. அவர் நோயுற்றோரைத் தெருவிலிருந்து தூக்கி வந்து பணிவிடை செய்தார். தோழர்கள் சிலர் நோயில் விழுந்ததும், மேலதிகாரிகள் அவரை அங்கே செல்ல வேண்டாமெனத் தடுத்தனர். அவர் விடாமல் கேட்கவே, தொற்றுநோயாளரைச் சேர்க்காத வேறொரு மருத்துவமனையில் பணிசெய்ய இசைவு தந்தனர். அங்கே அவர் தூக்கிக் கிடத்திய ஒருவருக்கு உண்மையில் கொள்ளைநோய் இருந்தது. ஞானப்பிரகாசியார் நோய்ப்பட்டு, அவ்வாண்டு சூன் 21-ஆம் நாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 23.

இந்த வரலாற்றில் நாம் மறந்துவிடும் பகுதி, மேலதிகாரிகள் அவரைத் தடுத்தார்கள் என்பது. மாணவனை எங்கே அனுப்பலாம், எங்கே அனுப்பக் கூடாது என்று அன்றே அவர்கள் எண்ணிப் பார்த்தனர். அவர்களுடைய காப்பு பலிக்கவில்லை. ஏனெனில் எந்த நோயாளியிடம் தொற்று இருக்கிறது என்பது வாசற்பலகையைப் பார்த்துத் தெரிவதில்லை. இன்று மருத்துவ உலகம் ஒவ்வொரு நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளச் சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். தியாகம் என்பது அறிந்து, விரும்பி, தானே கொடுப்பது. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லாமல் எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர். கையுறைப் பெட்டி காலியாக இருக்கும் வார்டில் தியாகத்தைப் பற்றிப் பேசுகிறவர், பெரும்பாலும் கையுறை வாங்கும் பொறுப்பிலிருப்பவராகவே இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

முதுகுவலியைப் பற்றி எழுதினால் ஒரு தனிக் கட்டுரையாகும். உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாத இரும்புக் கட்டிலில் கிடக்கும் எண்பது கிலோ மனிதரைப் புரட்டும் நாற்பத்தைந்து கிலோப் பெண்பிள்ளை எத்தனை ஆண்டு நிமிர்ந்து நடப்பாள்? என்னோடு பயின்றவர்களில் இடுப்புப் பட்டை அணியாதவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கடைசியாக, கிருமியைவிடக் கொடியது ஒன்று உண்டு. 2023-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் விடியற்காலையில், கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸ், காயத்துக்குக் கட்டுப்போடக் காவல்துறையினர் அழைத்து வந்த ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் ஒரு தனியார் கல்லூரி மாணவி. பயிற்சியின் பகுதியாக அந்த மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். அதே மாதத்தில் கேரள அரசு மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடுமையாக்கி அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், கொல்கத்தாவில் நீண்ட பணிக்குப் பின் ஓய்வெடுக்கக் கருத்தரங்க அறைக்குள் சென்ற முதுகலை மருத்துவ மாணவி வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டார். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அந்தப் பெண் சென்று படுத்தது ஏன் கருத்தரங்க அறையில் என்பதை அந்நாளில் பலரும் கேட்டனர். இரவுப் பணியிலிருக்கும் பெண் தலைசாய்க்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடையாது என்பதே அதற்கு விடை. எங்கள் காலத்தில் நாங்கள் துணி மூட்டைகளின் மேல் தூங்கினோம்.

நான் பணிபுரிந்த ஓரிடத்தில் மருத்துவமனைக்கும் மாணவியர் விடுதிக்கும் இடையே முந்நூறு அடிப் பாதை. ஒரு பக்கம் பிணவறை, மறுபக்கம் ஜெனரேட்டர் கொட்டகை, நடுவில் புளியமரம். மாலைப் பணி இரவு எட்டு மணிக்கு முடியும். அந்தப் பாதையிலிருந்த ஒரே குழல்விளக்கு அணைந்து கிடந்தது. நோயாளிகளின் துணைக்கு வந்தவர்கள், வராதவர்கள் என்று சில ஆண்கள் மரத்தடியில் உட்கார்ந்து குடிப்பார்கள். ஒரு நாள் இரவு இரண்டு பிள்ளைகளைக் கைபிடித்து இழுத்திருக்கிறார்கள். அழுதுகொண்டு ஓடி வந்தார்கள். புகார் எழுதினோம். "மாணவியர் தனித்தனியாகச் செல்லாமல் கூட்டமாகச் செல்ல வேண்டும், பணி முடிந்ததும் தாமதிக்கக் கூடாது" என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. குழல்விளக்கைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. மீண்டும் எழுதினோம், மின்பணியாளர் விடுப்பில் இருப்பதாகவும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருப்பதாகவும் விடை வந்தது.

அந்த வார்டில் வயதான ஆயா ஒருவர் இருந்தார். கணவரை இழந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, பிள்ளைகளையெல்லாம் "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய வேலை ஆறு மணிக்கு முடிந்துவிடும். புகார் எழுதிய மறுவாரத்திலிருந்து அவர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். எட்டு மணிக்கு மாணவியர் கிளம்பும்போது, ஒரு கையில் மூன்று பேட்டரி டார்ச்சும் மறுகையில் தரை துடைக்கும் கம்பும் எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார். மரத்தடியை நெருங்கும்போது வேண்டுமென்றே உரக்கப் பேசுவார். பேச்சில் அந்த ஆண்களின் தாய்மாரைப் பற்றிய சில செய்திகளும் இருக்கும். கடைசிப் பிள்ளை விடுதிக் கதவுக்குள் போய்த் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்ட பிறகே திரும்புவார். ஒன்பது மணிப் பேருந்து அவருக்குத் தவறிய நாள்களும் உண்டு. அன்றைக்கு வார்டு வராந்தாவிலேயே படுத்துக்கொள்வார். இதற்காக ஒரு காசும் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. டார்ச்சுக்குப் பேட்டரி மட்டும் மாணவியர் தம்முள் பிரித்து வாங்கிக் கொடுத்தனர்.

ஏழு மாதம் கழித்துப் பாதையில் மூன்று விளக்குகள் போட்டார்கள். கிழவி அவற்றை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கரண்டு போனா?" என்று கேட்டார். பணி ஓய்வு பெறும் நாள்வரை டார்ச்சோடுதான் வந்தார்.